காலி மனையில் முளைச்ச கீரையைப் பறிச்சு சமைக்கலாமா? உங்க சந்தேகத்துக்கு விளக்கம்

சரிங்க, அடுத்த சந்தேகம். திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க, படிச்சிடறேன். "அக்கா, ஊரை விட்டுத் தள்ளி புதுசா வீடு கட்டிக் குடி வந்திருக்கோம். சுத்தியும் காலி மனை. மழை பேஞ்சதுக்கு அப்புறம் தரையெல்லாம் கீரை மாதிரியே முளைச்சுக் கெடக்குது. இதுல மூக்கிரட்டை, பருப்புக்கீரை எல்லாம் இருக்கும்னு எங்க மாமியார் சொல்றாங்க, ஆனா அவங்களுக்கு இப்போ கண்ணு சரியாத் தெரியறதில்லை. போட்டோ அனுப்பியிருக்கேன், எதெது திங்கலாம்னு சொல்லுங்க. மூக்கிரட்டை ஜூஸ் தினமும் குடிச்சா கிட்னிக்கு நல்லதுங்கறாங்களே, அதையும் சொல்லுங்க."

போட்டோ பார்த்தேன்மா. ஆனா அதை வெச்சு இது திங்கலாம், அது திங்கலாம்னு நான் சொல்ல மாட்டேன். இலைக்கு அடிப்பக்கம், தண்டை ஒடிச்சா என்ன வருது, கசக்கினா என்ன வாசம், இதெல்லாம் போட்டோவுல வராது. மொபைல் ஆப்ல போட்டுப் பார்க்கறதும் அதே கதைதான். உங்க வீட்டுலயே மாமியார் இருக்காங்க. வேரோட ஒரு செடியைப் பிடுங்கிட்டுப் போய் அவங்க கையில குடுங்க. களை எடுத்துப் பழகின கைக்குத் தண்டு உருண்டையா, சொரசொரப்பா, வழவழப்பான்னு தொட்டதும் தெரியும். அவங்க தடவிச் சொல்றதையும் நான் இப்போ சொல்றதையும் நீங்க கண்ணால ஒத்துப் பாருங்க. மூணும் பொருந்தினா எடுங்க.

செடிக்கு முன்னாடி இடத்தைப் பத்திப் பேசணும். மனை விக்கறவங்க ஆளுகளைக் கூட்டிட்டு வந்து காட்டறதுக்கு முன்னாடி களைக்கொல்லி அடிச்சு விட்டுருவாங்க. கிளைபோசேட்ங்கற களைக்கொல்லியை அடிச்சா செடி உடனே கருகாதுங்க. நாலஞ்சு நாள் வரைக்கும் பச்சையாத்தான் நிக்கும், நமக்குத் தெரியாது. அதனால பக்கத்துல விசாரிக்காம பறிக்காதீங்க. அப்புறம் உங்க ஊருக்குன்னு ஒண்ணு இருக்கு. சாயத்தண்ணி நொய்யல் ஆத்துல கலந்ததும், 2011-ல உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த மாதிரித் தண்ணி பாஞ்ச ஓடை ஓரம் எவ்வளவு தளதளன்னு கீரை நின்னாலும் கை வைக்காதீங்க. குப்பைக்கீரை, முள்ளுக்கீரை வகையெல்லாம் மண்ணுல இருக்கற காட்மியம், ஈயம் மாதிரி விஷ உலோகத்தை இழுத்து இலையில வெச்சுக்கும். எத்தனை தண்ணியில கழுவினாலும் அது போகாது. பெரிய ரோட்டோரமும் வேண்டாம். ஈயம் கலந்த பெட்ரோல் நம்ம நாட்டுல 2000-த்தோட நின்னு போச்சு, ஆனா மண்ணுல இறங்கின ஈயம் அங்கேயேதான் இருக்கும்.

இடம் சுத்தம்னு வெச்சுக்குவோம். முதல்ல பருப்புக்கீரை. சில ஊர்ல கோழிக்கீரைம்பாங்க. தரையோட படர்ந்து, செவப்புத் தண்டு, குண்டு குண்டா சதைப்பத்தான இலை, குட்டி மஞ்சள் பூ. இதோட கலந்து அதே மாதிரி தரையோட படர்றது சித்திரப்பாலாடை. தண்டை ஒடிங்க. பால் வந்தா அது பருப்புக்கீரை இல்லை, வீசிடுங்க. பருப்புக்கீரையில தண்ணிதான் கசியும். ஆனா ஒண்ணு, பால் வரலைன்னா எல்லாத்தையும் திங்கலாம்னு எடுத்துக்காதீங்க. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத்தான் இந்தச் சோதனை. ஊமத்தையை ஒடிச்சாலும் பால் வராது.

மூக்கிரட்டையைப் பத்திக் கேட்டீங்க. அதோட குழம்பறது சாரணை. ரெண்டுமே தரையில படரும், ரெண்டுலயும் எதிரெதிரா இருக்கற ஜோடி இலையில ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கும். அதனால இலையை விட்டுட்டுப் பூவைப் பாருங்க. மூக்கிரட்டைக்கு மெல்லிசா நீண்ட காம்பு கிளம்பி, நுனியில கடுகு கணக்கா செவப்பும் ஊதாவுமா பூ இருக்கும். காய் பிசுபிசுன்னு சேலையில ஒட்டும். இலைக்கு அடியில வெளிறிக் கெடக்கும். சாரணைக்குத் தண்டு சதையா இருக்கும், பூ காம்பே இல்லாம இலை இடுக்குல ஒளிஞ்ச மாதிரி உக்காந்திருக்கும். சாரணையும் திங்கற கீரைதான், ஆனா கொழுந்து மட்டும். முத்தினதைத் தின்னா வயித்தால போகும்.

குப்பைக்கீரை உங்களுக்கே தெரியும். சங்கப் பாட்டுலயே உப்புக்கு வழியில்லாம அதை வேகவெச்ச வறுமையைப் பாடி வெச்சிருக்காங்க. இப்போ அதையே கலவைக்கீரைன்னு கட்டுக் கட்டி நமக்கு விக்கறாங்க. இதுல எனக்கு ஒரே பயம் ஊமத்தைதான். குப்பைக்கீரை வர்ற அதே குப்பைமேட்டுலதான் ஊமத்தங்கன்னும் வரும். பெரிய செடியானா புனல் மாதிரி பூவும் முள்ளுக்காயும் காட்டிக் குடுத்துரும். சின்னக் கன்னுல அது ரெண்டுமே இருக்காது. இலை ஓரம் கோணல்மாணலா வெட்டுப்பட்டு இருக்கும், கசக்கினா குமட்டற வாசம் வரும். 2022 டிசம்பர்ல ஆஸ்திரேலியாவுல பாக்கெட்ல வித்த பசலைக்கீரையில ஊமத்தை இனச் செடி கலந்து, நூறு பேருக்கு மேல பாதிக்கப்பட்டாங்க. அது தோட்டத்துல பயிர் பண்ணின கீரை! வேகவெச்சா விஷம் போயிரும்னு நினைக்காதீங்க, போகாது. வாய் வறண்டு, கண்ணு மங்கி, ஆள் உளற ஆரம்பிச்சா வீட்டு வைத்தியம் பார்க்காம 108-க்குக் கூப்பிடுங்க. தின்ன கீரையில மிச்சம் இருந்தா அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போங்க.

அதனாலதான் நான் எப்பவும் சொல்றது: அரிவாள் வேண்டாம், கிள்ளுங்க. அரிவாள்ல ஒரு பிடி அறுத்தா அதுக்குள்ள என்னென்ன வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு கொழுந்தா கிள்ளும்போது ஒவ்வொண்ணையும் பார்த்தே ஆகணும். நகம் பட்டதும் பட்டுனு ஒடிஞ்சா இளசு, நார் இழுத்தா முத்தல், விட்டுடுங்க. செடியும் மறுபடி துளிர்க்கும். முதல் தடவை ஒரே ஒரு வகை, வீட்டுக்கே ஒரு கைப்பிடி போதும், மத்தியானச் சாப்பாட்டுக்கு. அது ஒத்துக்கிட்ட பிறகு அடுத்த வகை. எடுத்ததும் கலவைக்கீரை பண்ணாதீங்க. ஏதாவது பண்ணுச்சுன்னா எதுனாலன்னே கண்டுபிடிக்க முடியாது.

சமையலுக்கு வருவோம். பருப்புக்கீரைக்கு மண்ணு ஜாஸ்தி. அகலமான பாத்திரத்துல தண்ணி ரொப்பி அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்க. பாத்திரத்தோட சாய்ச்சா அடியில படிஞ்ச மண்ணு திரும்பக் கீரையில ஏறிக்கும். துவரம்பருப்பு முக்கால் பதம் வெந்ததும் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு போட்டு, கடைசியாத்தான் கீரை. தண்ணி கூட ஊத்தாதீங்க, கீரையே விடும். புளி வேண்டாம், கீரையிலயே புளிப்பு இருக்குது. மத்துல லேசாக் கடைஞ்சு, கடுகு, சீரகம், வரமிளகாய் தாளிச்சுக் கொட்டினா ராகிக் களிக்கு அதை மிஞ்சினது கிடையாதுன்னு நான் சொல்லுவேன். மிக்சியில அடிச்சுடாதீங்க, கொழகொழன்னு பசையாயிரும்.

மூக்கிரட்டை கொஞ்சம் தடிப்பு. கொழுந்து இலையைப் பொடியா அரிஞ்சு, கொதிக்கற தண்ணியில ரெண்டு நிமிஷம் போட்டு வடிச்சிருங்க. அப்புறம் ஊறவெச்ச பாசிப்பருப்போட வதக்கித் தேங்காய்ப்பூ தூவினா பொரியல். தண்ணியை வடிச்சா சத்து போயிருமேன்னு கேப்பீங்க. கொஞ்சம் போகும்தான். ஆனா சாரணை, பருப்புக்கீரை மாதிரிக் கீரையில கிட்னிக் கல்லு உண்டாகக் காரணமான ஆக்சலேட்ங்கற உப்பு அதிகம், வடிக்கறப்போ அதுவும் குறையும். கூடவே தயிர் சேர்த்துக்கிட்டா அதுல இருக்கற கால்சியம் மிச்ச ஆக்சலேட்டைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல ஏறாது.

இப்போ ஜூஸ் கேள்வி. வாரத்துல ஒரு நாள் பொரியலாத் திங்கறது வேற, பச்சையா அரைச்சு டம்ளர் டம்ளரா தினமும் குடிக்கறது வேற. கிட்னிக் கல்லு இருக்கறவங்க, கிட்னி சரியா வேலை செய்யாம ரத்தத்துல கிரியேட்டினின்ங்கற கழிவு ஏறியிருக்கறவங்கதான் இந்த வீடியோக்களைப் பார்த்துட்டு ஓடிப் போய்ப் பறிக்கறாங்க. அவங்கதான் இதைச் செய்யவே கூடாது. ஆக்சலேட்டும் பொட்டாசியமும் அவங்களுக்குத்தான் ஆகாது. வார்ஃபரின்னு ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களும் திடீர்னு கீரையைக் கூட்டக் கூடாது, கீரையில இருக்கற வைட்டமின் கே அந்த மாத்திரையோட வேலையைக் குறைச்சிரும். உங்க மாமியார் அந்த மாதிரி மாத்திரை ஏதாவது எடுக்கறாங்களான்னு முதல்ல அவங்க டாக்டரைக் கேட்டுக்குங்க. கர்ப்பமா இருக்கறவங்களும் சின்னக் குழந்தைகளும் இருக்கற வீடுன்னா, அவங்களுக்குக் கடையில வாங்கின முருங்கைக்கீரையே போதும்.