பைப் கேமரா வாங்குவதற்கு முன்னால் கேபிளைத் தொட்டுப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. பிளம்பிங் வேலை பார்க்கிற தம்பிகள் என்னைப் பார்த்தால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, பைப்புக்குள் விடுகிற கேமராவில் எதை வாங்கலாம்?" இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். இதோ, என்னுடையதைப் பிரித்து வைத்திருக்கிறேன்.

கடையில் முதலில் திரையை ஆன் செய்து காட்டுவார்கள். படம் பளிச்சென்று இருக்கும். நான் முதலில் கையில் எடுப்பது கேபிளைத்தான். இதற்குள்ளே கண்ணாடி இழைக் கம்பி இருக்கிறது. அதனால்தான் தள்ளத் தள்ள உள்ளே போகிறது. செல்போனில் மாட்டுகிற ஐந்தரை மில்லிமீட்டர் கேமராவின் வயர் தொளதொளவென்று இருக்கும். வாஷ்பேசினுக்கு அடியில் எட்டிப் பார்க்க அது சரி. நாலு இன்ச் லைனில் இரண்டு பெண்டு, அதாவது வளைவு, தாண்டுவதற்குள் உள்ளேயே சுருண்டுவிடும். ரொம்ப விறைப்பாக இருந்தாலும் வளைவில் திரும்பாது. கேபிள் நுனியில் கேமரா இருக்கிற தலைக்குப் பின்னால் இந்த ஸ்பிரிங்கைப் பாருங்கள். வளைத்தால் வளைகிறது, விட்டால் நேராக நிற்கிறது. 90 டிகிரி பெண்டில் தலையைத் திருப்பிக் கொடுப்பது இதுதான். கேபிள் அதிகமாக ஒடிவதும் இந்த இடத்தில்தான். அதனால் தலையும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தலையின் அளவு 23 மில்லிமீட்டர். 75, 110 மில்லிமீட்டர் பைப்புக்கு இது தாராளம். இரண்டு இன்ச் லைனில் எல்போ இருந்தால் 17 மில்லிமீட்டர் தலை வேண்டும்.

இப்போது நான் மனதார வருத்தப்படுகிற ஒரு விஷயம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பழைய வீடு. குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை. கழிவுநீர் லைனின் சேம்பர் தொட்டியைத் திறந்து கேமராவை விட்டேன். மண் குழாயின் ஜாயின்ட் வழியாக வேப்ப மரத்து வேர் புகுந்து, அவிழ்த்துவிட்ட தலைமுடி போலத் தொங்குகிறது. அதில் சோற்றுப் பருக்கை, சோப்பு நுரை எல்லாம் சிக்கி நிற்கிறது. மீட்டர் கவுண்டர் பதினொன்றரை என்று காட்டியது. நேராக டேப் பிடித்து அளந்து ஹாலில் டைல்ஸை உடைத்தேன். கீழே மண்தான் இருந்தது. அந்தக் காலத்தில் லைனைக் குறுக்காக வளைத்துப் போட்டிருக்கிறார்கள். கவுண்டர் உள்ளே போன கேபிளின் நீளத்தைத்தான் சொல்லும், எந்தப் பக்கம் போனது என்று சொல்லாது. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை.

அதற்கப்புறம்தான் டிரான்ஸ்மிட்டர் உள்ள தலை வாங்கினேன். இது 512 ஹெர்ட்ஸ் சிக்னல் அனுப்பும். மேலே தரையில், அந்தச் சிக்னலைப் பிடிக்கும் லொக்கேட்டர் கருவியை மெதுவாக நகர்த்தினால், சிக்னல் எங்கே உச்சத்துக்குப் போகிறதோ அதற்கு நேர் கீழே தலை நிற்கிறது. ஆழத்தையும் காட்டும். வார்ப்பிரும்புப் பைப்புக்குள் இருந்தும் இந்தச் சிக்னல் வெளியே வரும். காசு கூடத்தான். ஆனால் அடுத்தவர் வீட்டுத் தரையை உடைக்கிறோம் இல்லையா? திரையின் அளவைக் குறைத்தாவது இதை வாங்குங்கள்.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இருக்க வேண்டும். வெள்ளை பிவிசியில் லைட் முழுதாக எரிந்தால் எல்லாம் வெளுத்துப்போய் விரிசல் தெரியாது. கறுத்த இரும்புக் குழாயில் அதே வெளிச்சம் போதாது. படம் தானாக நிமிர்ந்து நிற்கிற தலை கிடைத்தால் நல்லது. காய்ந்து கிடக்கும் பைப்பில் விரிசல் மேலேயா அடியிலேயா என்று குழம்பாமல் இருக்கலாம்.

சேம்பரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கேமராவும் கேபிளும் மட்டும் உள்ளே போகட்டும், ஆள் இறங்கக் கூடாது. கழிவை மனிதர் கையால் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இறங்காதீர்கள் தம்பி.

வாங்கப் போகும் நாளில் 75 பைப் துண்டு ஒன்றும் இரண்டு பெண்டும் பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலேயே மாட்டி, கேமராவை விட்டுப் பாருங்கள். போனது சிக்காமல் திரும்பி வருகிறதா என்று இழுத்தும் பாருங்கள்.