எல்லையில் ஒரு கைது: கணக்கை யார் பார்ப்பது?

(காட்சி: விடியற்காலை, காரைக்குடியில் ஒரு மைதானம்)

வணக்கம். பொழுது விடியுமுன்னே இந்த மைதானத்தைச் சுற்றி ஓடும் இளைஞர்கள், எல்லைப் பாதுகாப்புப் படை உள்ளிட்ட மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வுக்குத் தயாராகிறார்கள். ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களுக்குள்ளும், பெண்கள் 1.6 கிலோமீட்டரை எட்டரை நிமிடங்களுக்குள்ளும் ஓடி முடிக்க வேண்டும். எழுத்துத் தேர்வை 2024 முதல் தமிழிலும் எழுதலாம். சிவகங்கையை அடுத்த இலுப்பக்குடியில் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் பயிற்சி மையம் இருப்பதால், சீருடை அணிந்த பயிற்சிக் காவலர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர்.

ஓட்டத்தை நொடிக் கணக்கில் அளக்கிறோம். ஆனால், இவர்களில் ஒருவர் நாளை எல்லையில் ஒரு மனிதரைத் தடுத்து நிறுத்திக் கைது செய்யும்போது, அதை அளக்கும் கோல் எது?

(காட்சி: வரைபடம்)

எல்லைப் பாதுகாப்புப் படைச் சட்டம், 1968-இன் 139-ஆம் பிரிவு, எல்லையை ஒட்டிய பகுதிகளில் சோதனையிடவும் பொருள்களைப் பறிமுதல் செய்யவும் கைது செய்யவும் படையினருக்கு அதிகாரம் அளிக்க வழி செய்கிறது. பஞ்சாப், மேற்கு வங்கம், அசாம் ஆகிய மாநிலங்களில் 15 கிலோமீட்டராக இருந்த அந்தப் பகுதி, 2021 அக்டோபரில் 50 கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. அந்த ஆணைக்கும் நம் மாவட்டத்துக்கும் தொடர்பில்லை; ஆனாலும் தூரம் புரிவதற்காகத் தொண்டிக் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர் உள்ளே அளந்து பாருங்கள், தேவகோட்டையும் காரைக்குடியும் அதற்குள் அடங்கிவிடும். வேலியையே கண்ணால் காணாத கடைத்தெருக்கள் அவை.

அதிகாரம் இவ்வளவு விரியும்போது பயிற்சியின் மையத்தில் இருக்க வேண்டியது துப்பாக்கி மட்டுமன்று, கைதுக் குறிப்பும்தான் என்பது என் கருத்து. காவலில் நிகழும் மரணங்கள் தொடர்பான டி.கே. பாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளின்படி, கைது செய்பவரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும். நாளும் நேரமும் எழுதிய குறிப்பில் சாட்சி ஒருவரும் கைதானவரும் கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். இவை காவல்துறைக்கு மட்டுமல்லாமல் எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற அமைப்புகளுக்கும் பொருந்தும் என்று அத்தீர்ப்பே கூறுகிறது. அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவோ, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்தச் சொல்கிறது. வழிப்பயண நேரம் மட்டுமே இதில் விலக்கு.

(காட்சி: செட்டிநாட்டு வீட்டின் பழைய பேரேடு)

இந்தப் பேரேட்டைப் பாருங்கள். செட்டியார்கள் பர்மாவில் கொண்டுவிற்ற, அதாவது வட்டித் தொழில் செய்த காலத்தில் அங்கே கடையை நடத்தியவர் ஏஜெண்டு. ஆனால் ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்கு வந்து சேர வேண்டும். கடையில் இருப்பவரே எழுதி, அவரே சரிபார்த்து, அவரே 'சரி' என்று ஒப்பமிடும் வழக்கம் அங்கே செல்லாது.

எல்லையில் குறை இங்கேதான் இருக்கிறது. 2011 ஜனவரியில் வங்கதேச எல்லை வேலியில் 15 வயதுச் சிறுமி ஒருத்தி சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்தது படையின் சொந்த நீதிமன்றம். 2013-இலும் மறுவிசாரணைக்குப் பின் 2015-இலும் குற்றம் சாட்டப்பட்ட காவலர் விடுவிக்கப்பட்டார். அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். இருட்டில், பனிமூட்டத்தில், கடத்தல்காரர்களுக்கு நடுவே நிற்பவரின் வேலை எளிதன்று என்பதையும் மறுக்க முடியாது. ஆயினும் சுட்டவரும் விசாரித்தவர்களும் ஒரே படையினர் என்றால், பெற்ற தகப்பன் அந்தத் தீர்ப்பை எப்படி நம்புவார்?

தேசிய மனித உரிமைகள் ஆணையம் இருக்கிறதே என்று கேட்கலாம். காவல்துறை மீதான புகாரை ஆணையம் தானே விசாரிக்க முடியும். ஆனால் 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற ஒன்றியத்தின் ஆயுதப் படைகள் என்று வரும்போது, மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பெற்று, அதன்மேல் பரிந்துரை செய்வதோடு ஆணையத்தை நிறுத்திவிடுகிறது. பரிந்துரையின் மீது எடுத்த நடவடிக்கையை அரசு மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பரிந்துரையை ஏற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.