ஒரு சாண் உயரத்தில் ஒரு தேர்ப்படை: பெரும் போர் இயந்திரங்களைக் கொண்டு மினியேச்சர் படை தொடங்குவது

(திரையில்: கூடத்தில் ஒரு மேசை. குத்துவிளக்குக்குப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில், இரண்டு கால்களில் நிற்கும் ஓர் இயந்திரம்.)

இதை முதன்முதலாகப் பார்த்த என் அத்தை, "கொலுவுக்கு வாங்கினாயா?" என்று கேட்டார். படி கட்டி அடுக்கி வைக்கும் பொம்மையைப் போலத்தான் இது இருக்கிறது. ஆனால் இது மேசைமீது நகர்ந்து, சுட்டு, சில நேரம் வெடித்தும் போகிற பொம்மை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 என்ற போர் விளையாட்டில் இதற்கு இம்பீரியல் நைட் என்று பெயர். உள்ளே ஒரே ஒரு வீரர் அமர்ந்து செலுத்தும் நடமாடும் கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கில் இதன் முதல் பெட்டி 2014-இல் வந்தது.

மற்றவர்கள் அறுபது, எழுபது காலாட்படை வீரர்களை ஒட்டி, வண்ணம் தீட்டிக் களைத்துப்போகும்போது, நாம் நான்கைந்து இயந்திரங்களோடு படையை முடித்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலோர் இந்தப் படையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கணக்கு சரி, முடிவுதான் தவறு. எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொன்றின் மீதும் விழுகிற வேலையும், மேசையில் ஒவ்வொரு நகர்வுக்கும் இருக்கிற விலையும் கூடிவிடுகின்றன.

முதலில் விளையாட்டின் கணக்கைப் பார்ப்போம். வழக்கமான ஆட்டத்தில் ஒவ்வொருவரும் 2,000 புள்ளிகளுக்குப் படை அமைக்கிறார்கள். மேசையின் அளவு 60 அங்குலத்துக்கு 44 அங்குலம். ஆட்டம் ஐந்து சுற்றுகள். பெரிய நைட் ஒன்றுக்கு ஏறத்தாழ 400 புள்ளிகள் ஆகும் என்பதால் நான்கு பெரியவை, கூடவே ஒன்றிரண்டு சிறியவை, அவ்வளவுதான் படை. வெற்றியைத் தீர்மானிப்பது எதிரியை எத்தனை அழித்தோம் என்பது மட்டுமல்ல, மேசையில் குறித்து வைத்த இடங்களைப் பிடித்து வைத்திருப்பதும்தான். ஓர் இடத்தைப் பிடிப்பதில் ஒரு நைட் காலாட்கள் பலருக்கு ஈடு கொடுக்கும். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நிற்க அதனால் முடியாது. எதிரியின் சாதாரணத் துப்பாக்கிகள் உங்கள் கவசத்தின் முன் பெரும்பாலும் வீணாகும் என்பது உங்களுக்கு ஆதாயம். அவருடைய பீரங்கிகளுக்கு உங்கள் படையில் எதைச் சுட்டாலும் தகுந்த இலக்கே என்பது அவருக்கு ஆதாயம்.

ஆகவே நான்கு பெட்டிகளை ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒரு பெரிய நைட்டும், ஆர்மிகர் எனப்படும் சிறிய வகை இரண்டு சேர்ந்து வருகிற ஒரு பெட்டியும் தொடக்கத்துக்குப் போதும். அந்தச் சிறியவை இரண்டும் ஓடிப்போய் இடம் பிடிக்கும். பெரியது நடுவில் நின்று எதிரியின் கவனத்தைத் தன்மீது வாங்கிக்கொள்ளும். இந்தச் செலவும் அதிகம் என்று தோன்றினால், 1984-இல் வேறொரு பெயரில் தொடங்கி மறு ஆண்டே பேட்டில்டெக் ஆன விளையாட்டைப் பாருங்கள். அதிலும் பேரியந்திரங்கள்தான், நான்கு இருந்தால் ஓர் அணி, உருவங்களும் விரல் நீளத்தைத் தாண்டாது.

(திரையில்: பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரு கால் பகுதி வெட்டி எடுக்கப்படுகிறது. விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு.)

இந்தக் கோட்டைக் கவனியுங்கள். சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கிறார்கள். பிறகு அந்த மண் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும் என்பதால் ஓர் அச்சுக்கு ஒரு சிலைதான், அதில் இணைப்புக் கோடும் விழாது. நம் பெட்டியில் இருப்பது இரண்டு எஃகு அச்சுகள் சேரும் இடத்தில் பிறந்த பிளாஸ்டிக். அந்தச் சேர்க்கையின் தடம்தான் இந்தக் கோடு. கத்தியின் பின்புறத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சிறிய வீரனில் இது கண்ணில் படாமல் போகலாம். நைட்டின் நீண்ட கால் கவசத்தில், வண்ணம் ஏறிய பிறகு, இது மட்டும்தான் கண்ணில் படும்.

ஒட்டுவதற்கு, பிளாஸ்டிக்கை இளக்கி இரண்டு துண்டுகளை ஒன்றாக்கும் பிளாஸ்டிக் சிமென்ட் வேண்டும். ரெசினில் செய்த துண்டு ஏதேனும் சேர்த்தால் அதை இந்தச் சிமென்ட் பிடிக்காது; அங்கே ஃபெவிகுவிக் போன்ற பசைதான் வேலை செய்யும்.

ஆனால் எல்லாவற்றையும் உடனே ஒட்டிவிடாதீர்கள். தேருக்கு முதலில் மரச்சட்டம் நிற்கும், அலங்காரத் துணியும் தொம்பையும் பிறகுதான் ஏறும். இங்கும் எலும்புக்கூடு போன்ற உள்சட்டத்தை மட்டும் கட்டி, அதற்கு உலோக வண்ணம் கொடுத்து, நீர்த்த கறுப்பு வண்ணத்தை இடுக்குகளில் ஓடவிட்டு முடித்துக்கொள்ளுங்கள். கவசத் தகடுகளைத் தனியே குச்சிகளில் செருகி வண்ணம் தீட்டுங்கள். கவசத்தை ஒட்டிவிட்டால் அதன் பின்னால் இருக்கும் குழாய்களுக்குத் தூரிகை போகாது.

கைகளின் விஷயம் வேறு. ஒரே பெட்டியில் பல ஆயுதங்கள் வருகின்றன. 2018-இல் வந்த கானிஸ் ரெக்ஸ் பெட்டியிலிருந்து பல வகை நைட்களைக் கட்டலாம். தோளிலும் கையிலும் சிறு துளையிட்டு 5 மில்லிமீட்டர் நியோடிமியம் காந்தம் வைத்தால், இன்று பீரங்கியும் நாளை இரம்பவாளும் மாட்டிக்கொள்ளலாம். எந்த முகம் ஈர்க்கும், எது தள்ளும் என்று பார்த்து, காந்தத்தின் முகத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்த பிறகே ஒட்டுங்கள். நான் வைக்கவில்லை. ஒரு வாரம் காத்திருந்து கையை அருகில் கொண்டுபோனபோது, சண்டை போட்ட பங்காளியைப் போல அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இனி பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு. டெல்டாவில் இருப்பவர்கள் மற்ற எல்லாவற்றையும்விட இதைக் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் டப்பாவில் அச்சிட்டிருக்கும் குறிப்பு கும்பகோணத்து ஐப்பசியை மனத்தில் வைத்து எழுதியதல்ல. வடகிழக்குப் பருவமழை நாட்களில் காற்றில் இருக்கும் ஈரம் ஸ்ப்ரேயோடு சேர்ந்தால், பரப்பு வழவழப்பாக அமையாமல் வெளுத்து, மாவு தூவியது போல் ஆகிவிடும். மழை விட்ட ஒரு மாலையில், வானம் தெளிந்துவிட்டது என்று நம்பி மொட்டைமாடிக்குப் போனேன். கறுப்பாக இருக்க வேண்டிய கவசத் தகடுகள் பதினொன்றும் சாம்பல் பூசணிபோல் வந்தன. மறுபடியும் தேய்த்து எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. சித்திரை வெயிலில் நேர்மாறான கேடு: துளி பொருளைத் தொடுமுன்பே காற்றில் உலர்ந்து, மணல்போல் ஒட்டும். தை அறுவடை முடிந்து மாசி பிறந்த பிறகு, பனி விலகிய காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் ஏறுவதற்கு முன் அடிப்பதே என் வழக்கம். காத்திருக்க முடியாதவர்கள் தூரிகையால் பூசும் பிரைமரை வீட்டுக்குள் உட்கார்ந்து பூசிவிடலாம்; நேரம் அதிகம் ஆகும், ஏமாற்றம் இல்லை.

(திரையில்: அகலமான நீள்வட்ட அடித்தட்டு. தேநீர் வடிகட்டியில் மணல் சலிக்கப்படுகிறது.)

பெரிய நைட்டின் அடித்தட்டு 170 மில்லிமீட்டர் நீளமும் 109 மில்லிமீட்டர் அகலமும் உடைய நீள்வட்டம். அதற்கு ஆற்று மணலைக் கழுவி, உலர்த்தி, வடிகட்டியில் சலித்து, ஃபெவிகாலில் ஒட்டினால் போதும். ஒரு கைப்பிடி மணல் நான்கு இயந்திரங்களுக்கு வரும், லாரியெல்லாம் தேவைப்படாது. என் படை கோடையில் வெடித்துக் கிடக்கும் வயலில் நிற்கிறது. வைக்கோலை நகக்கண் அளவுக்கு நறுக்கி வெடிப்புகளின் ஓரத்தில் நட்டால் அறுத்த தாள் போலவே தெரியும். ஒரு காலைத் தூக்கி நடப்பதுபோல் நிறுத்தியிருந்தால் அடித்தட்டின் கீழ் இரும்பு வாஷர்களை ஒட்டுங்கள். தஞ்சாவூர்ச் சாய்ந்தாடும் பொம்மை எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து நிற்பதற்குக் காரணம் அடியில் இருக்கும் கனம்தானே.

இந்த அடித்தட்டின் அளவுதான் ஆட்டத்தையும் நடத்துகிறது. திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்த நிலையில் 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் உடையதாகச் சொல்லப்படுகிறது. திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும், வீதி முனையில் அது திரும்பும்போது வடம் பிடிப்பவர்களைவிட முட்டுக்கட்டை போடுகிறவருடைய கண்ணைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள். திருப்பம் வருவதற்கு வெகு முன்பே அவர் கணக்குப் போட்டிருப்பார். நைட்டும் அப்படித்தான். காலாட்படை இடிந்த சுவரினூடே புகுந்து போய்விடும். உயரமான சுவரை உங்கள் இயந்திரம் பெரும்பாலும் சுற்றித்தான் போக நேரும், சுற்றிப் போகும் சந்து 109 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் அதுவும் முடியாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அடித்தட்டின் அளவுக்கு ஒரு நீள்வட்டம் வெட்டி வைத்துக்கொண்டு, ஆட்டம் தொடங்குமுன் அதை மேசையில் நகர்த்திப் பாருங்கள். மூன்றாம் சுற்றில் எங்கே நிற்கப் போகிறீர்கள் என்பது முதல் சுற்றிலேயே தெரிந்துவிடும்.

2023-இல் வந்த, விளையாட்டு விதிகளின் பத்தாம் பதிப்பின்படி, நைட் அழியும்போது பகடையில் 6 விழுந்தால் அது வெடித்து, 6 அங்குலத்துக்குள் இருக்கும் எல்லோரையும் காயப்படுத்தும். அந்த எல்லோரில் உங்கள் ஆர்மிகர்களும் அடக்கம். பெரியதின் நிழலில் சிறியவற்றைப் பதுக்கி வைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

படையை எடுத்துச் செல்ல விலையுயர்ந்த பை எதுவும் வேண்டாம். வீட்டில் பாட்டியின் தகரப் டிரங்குப் பெட்டி இருக்கும். அடித்தட்டின் கீழ் நான்கு காந்தங்கள் ஒட்டிவிட்டால் இயந்திரம் பெட்டியின் தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பெட்டியைச் சாய்த்துப் பாருங்கள், குலுக்கிப் பாருங்கள், பிறகு மயிலாடுதுறை வரைக்கும் ஒருமுறை பேருந்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். என்னுடையதில் இதுவரை ஒரே ஒரு பீரங்கிக்குழல்தான் உடைந்திருக்கிறது, அதுவும் பெட்டியைத் திறந்து அத்தைக்குக் காட்டும்போது.