பக்தி அவருக்குப் பலமே!

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டருக்கு அவருடைய மதநம்பிக்கை அரசியலில் பலமா, பலவீனமா?" என்பது தலைப்பு. பலமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் ஒரே கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். 1980 தேர்தலில் ரீகனுக்கு 44 மாநிலங்கள், கார்ட்டருக்கு ஆறு. பைபிளைப் பிடித்துக்கொண்டு பதவியைக் கோட்டை விட்டார் என்றார். சரி, தோற்றது உண்மைதான். எதனால் தோற்றார்? நாட்டில் விலைவாசி எகிறிக் கிடந்தது. ஈரானில் 52 அமெரிக்கர்கள் பிணைக்கைதிகளாக இருந்தார்கள். இதில் பக்தி எங்கே வந்தது? அதோடு, அந்தத் தேர்தலில் அவரைத் தோற்கடிக்க மும்முரமாக வேலை செய்தவர்களில் ஒருவர் ஜெர்ரி ஃபால்வெல். 1979இல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற கிறிஸ்தவ அரசியல் அமைப்பைத் தொடங்கிய மதபோதகர். மதத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டவர்கள் கார்ட்டருக்கு எதிரே நின்றார்கள், நடுவர் அவர்களே!

கார்ட்டர் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைக்காரர். ஞாயிறு வேதப்பள்ளியில் பாடம் எடுத்தவர். ஆனால் நிக்சன் காலத்தில் வெள்ளை மாளிகைக்குள்ளேயே நடந்த ஆராதனைக் கூட்டங்கள் இவர் காலத்தில் நடக்கவில்லை. எல்லாரையும் போல வாஷிங்டனில் ஒரு தேவாலயத்துக்குப் போய் உட்கார்ந்தார். கருக்கலைப்பு அவர் மனசுக்கு ஒப்பாத விஷயம். ஆனாலும் அதை அனுமதித்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஜனாதிபதியாக மதித்து நடந்தார். என் சாமி எனக்கு, சட்டம் எல்லாருக்கும் என்று நடந்துகொள்ள எவ்வளவு உறுதி வேண்டும்!

அமெரிக்க ஜனாதிபதிகளின் ஓய்வில்லமான கேம்ப் டேவிட்டில் நடந்த எகிப்து, இஸ்ரேல் சமாதானப் பேச்சுக்கு வருகிறேன். 1978 செப்டம்பர். எகிப்து ஜனாதிபதி சதாத் முஸ்லிம், இஸ்ரேல் பிரதமர் பெகின் யூதர், கூட்டி வைத்தவர் கிறிஸ்தவர். பேச்சு தொடங்கும்போதே, எங்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று மூவரும் சேர்ந்து உலகத்தைக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் பதின்மூன்று நாள் இழுபறி. கடைசி நாள், ஜெருசலேம் விவகாரத்தில் பெகின் முறுக்கிக்கொண்டு கிளம்பத் தயாராகிவிட்டார். பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க, மூவரும் இருக்கும் படத்தில் கார்ட்டரிடம் பெகின் கையெழுத்துக் கேட்டிருந்தார். கார்ட்டர் வெறும் கையெழுத்தோடு விடவில்லை. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதித் தானே எடுத்துப் போனார். பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்த அந்தப் பிடிவாதக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சு தொடர்ந்தது, அன்றைக்கே ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு வருஷம் இரு நாடுகளுக்கும் இடையே அமைதி உடன்படிக்கை. எதிரணி இதைப் பலவீனம் என்கிறதா?

பதவி வருவதற்கு முந்தைய கார்ட்டரையும் பாருங்கள். 1950களில் ஜார்ஜியாவின் பிளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில் நிலக்கடலை வியாபாரி. கறுப்பினத்தவர் உரிமைக்கு எதிராக வெள்ளையர்கள் அமைத்த கவுன்சிலில் சேரச் சொல்லி ஊரார் நெருக்கினார்கள். முடியாது என்றார். அவர் வியாபாரத்தைப் புறக்கணித்துப் பார்த்தார்கள். அப்போதும் அவர் சேரவில்லை.

தோற்றபோது அவருக்கு வயது 56. வீட்டில் முடங்கவில்லை. நரம்புச்சிலந்தி நோய் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அசுத்தத் தண்ணீர் வழியாக உடம்புக்குள் போகும் புழு, முழ நீளத்துக்கும் மேலே வளர்ந்து, காலைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. குச்சியில் சுற்றி நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். 1986இல், அவர் நிறுவிய கார்ட்டர் மையம் இதைக் கையில் எடுத்தபோது உலகில் ஏறத்தாழ 35 லட்சம் நோயாளிகள். தண்ணீரை வடிகட்டத் துணி கொடுத்து, ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தே குறைத்தார்கள். கார்ட்டர் நூறு வயதில் கண்ணை மூடிய 2024இல், மனிதர்களில் பதிவானது வெறும் 15 பேர்.

அந்த நோயாளிகளில் யாரும் அமெரிக்காவில் ஓட்டுப் போடுகிறவர்கள் அல்ல. பிறகு எந்த லாபத்துக்காக இதைச் செய்தார் என்று, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே!