அழ வருகிறவனுக்கு டீ போட மட்டும்தானா அவள்?

நடுவர் அவர்களே, மயிலாப்பூர் அவையோருக்கு வணக்கம். பிடித்த கதையின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும், ஆண்–ஆண் காதலைச் சொல்லும் ஃபேன் ஃபிக்‌ஷனில் பெண் பாத்திரங்களுக்கு நியாயம் கிடைக்கிறதா, இல்லையா என்பது தலைப்பு. கிடைக்கவில்லை என்பது எங்கள் அணி.

எதிரணித் தோழி அழுத்தமாகக் கேட்டார்: "மூலக்கதையே பெண்ணுக்கு நாலு வரிதான் கொடுத்திருக்கிறது. எழுதுகிறவள் என்ன செய்வாள்?" மூலத்தில் நாலு வரி பேசும் ஆணை என்ன செய்கிறார்கள், நடுவர் அவர்களே? அவனுக்குக் குழந்தைப் பருவம் கொடுக்கிறார்கள், ஆறாத காயம் கொடுக்கிறார்கள், நாற்பது அத்தியாயம் கொடுக்கிறார்கள். மூலம் விட்ட இடத்தை நிரப்பத்தானே இந்த எழுத்தே பிறந்தது? பெண் என்றதும் மட்டும் கையை விரிப்பது என்ன நியாயம்?

மூலத்தில் இருந்தாலும் விடுவதில்லை. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸுக்கும் அவர் நண்பர் வாட்சனுக்கும் காதல் என்று எழுதும் கதைகளில், மூலத்தில் வாட்சனை மணக்கும் மேரி மார்ஸ்டனைப் பாருங்கள். 1890இல் வந்த நாவலில் வழக்கையே கொண்டுவருபவள் அவள்தான். ஆண்டுக்கு ஒன்றாக வந்த ஆறு முத்துகளோடு வருகிறாள். அப்பாவின் காகிதங்களில் ஆக்ரா வரைபடத்தை மட்டும் தனியே காத்து வைத்திருந்தாள். நம் வேலைக்கு ஏற்ற மூளை என்று ஹோம்ஸே மெச்சுகிறார். பிறகு கோனன் டாயில் வாட்சனின் துயர இழப்பு என்ற ஒற்றைக் குறிப்போடு அவள் கதையை முடித்தார். அந்த மூளையை விட்டுவிட்டு, பல கதைகள் எடுத்துக்கொண்டது அந்தச் சாவை மட்டும்தான்!

இல்லையென்றால் அவளைக் கொடுமைக்காரி ஆக்குவார்கள். 'பேஷிங்', அதாவது பாத்திரத்தை வேண்டுமென்றே மோசமாகக் காட்டும் கதை என்று முன்கூட்டியே டேக் போட்டுவிடுகிறோமே என்கிறார்கள். டேக் வாசகரை எச்சரிக்கும், சரி. பாத்திரத்தைச் சரிசெய்யுமா?

இப்போது யாரும் அவளைக் கொல்வதில்லை, தோழியாக்கிவிட்டோம் என்பது அடுத்த வாதம். அந்தத் தோழியைத்தான் நான் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். அடையாறு ஃபிளாட். இரவு இரண்டு மணி. நாயகன் பெல் அடிக்கிறான், அழுகிறான். அவள் டீ போடுகிறாள். "நீ அவனை லவ் பண்றடா, போய்ச் சொல்லு" என்கிறாள். அத்தோடு காணாமல் போகிறாள். பெல் அடிக்கும் முன் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? தெரியாது. காலையில் வேலைக்குப் போக வேண்டாமா? தெரியாது. காதலனைப் பற்றி அவனுக்கு வந்த சந்தேகத்தைத் தீர்க்க மட்டும் வாய் திறக்கிறாள்.

திருத்தப் பெரிய பாடு இல்லை. அவள் வரும் காட்சிகளை மட்டும் தனியே எடுத்து வரிசையாகப் படியுங்கள். நாயகர்கள் இருவரையும் பற்றி இல்லாமல் ஒரு வரியாவது பேசுகிறாளா? இல்லையென்றால் அந்த இரவு இரண்டு மணிக்கே திரும்பிப் போங்கள். காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு அலாரம் வைத்துப் படுத்தவள் எரிச்சலோடு கதவைத் திறக்கட்டும். மூன்று வாரம் முன்பு அம்மாவுக்கு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாள், அவன் மறந்துவிட்டான். அதையும் அவன் முகத்துக்கு நேரே சொல்லட்டும். அவன் தன் துக்கத்தில் எவ்வளவு சுயநலமாக இருக்கிறான் என்பது அங்கேதான் தெரியும். அவனுடைய காதலனுக்கும் நாளை அதே மறதிதான் காத்திருக்கிறது. பெண்ணுக்கு இடம் கொடுத்தால் காதல் கதை நீர்த்துப்போகும் என்பவர்கள் இந்த ஒரு காட்சியை எழுதிப் பார்க்கட்டும்.

அவள் டீ போட வேண்டாம். அவன் போடட்டும், போட்டுக்கொண்டே கேட்கட்டும்: "அம்மா எப்படி இருக்காங்க?"

நன்றி, வணக்கம்.