சில்வண்டு குடித்த பனி

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு வழக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1079ஆம் ஆண்டு. சீனாவில் சோங் மரபினர் ஆண்ட காலம். சூ ஷி என்கிற கவிஞரைக் கைது செய்து தலைநகருக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அவர் ஒரு வட்டாரத்தையே நிர்வகித்துக்கொண்டிருந்த அதிகாரி. கவிதை என்ற சாக்கில் அரசின் புதிய சட்டங்களைக் கிண்டல் செய்கிறார் என்பது குற்றச்சாட்டு. அவர் எழுதியவற்றைத் தேடிப்பிடித்து, வரிவரியாகப் பொருள் கேட்டு விசாரித்தார்கள். அப்போது அவருக்கு எதிராகக் கிளப்பப்பட்ட கவிதைகளில் ஒன்று, ஒருவர் வீட்டில் நின்ற இரண்டு ஜூனிபர் மரங்களைப் பற்றியது. வேர் பாதாளம் வரை போகிறது, ஓரிடத்திலும் வளையவில்லை, இது நிலத்தடியில் உறங்கும் டிராகனுக்கு மட்டும்தான் தெரியும் என்று அதில் வரும்.

அமைச்சர் ஒருவர் பேரரசர் ஷென்சோங்கிடம் போய்ப் பற்றவைத்தார். "வானத்தில் பறக்கும் டிராகன் தாங்கள். தாங்கள் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லி, மண்ணுக்கடியில் கிடக்கும் டிராகனைத் தேடிப் போகிறான். இது துரோகம் இல்லாமல் வேறென்ன?" பேரரசர் சொன்ன பதிலைச் சோங் காலத்து நூல் ஒன்று குறித்து வைத்திருக்கிறது: "கவிஞன் சொல்லை இப்படியா எடைபோடுவது? அவன் மரத்தைப் பாடுகிறான். அதில் எனக்கென்ன வந்தது?"

சூ ஷி தலை தப்பினார். பேரரசரை மெச்சலாம். ஆனால் அந்த அமைச்சர் ஒன்றும் விவரம் கெட்டவர் இல்லை. சீனக் கவிதையில் மரத்தைப் பாடியவர் யார்தான் மரத்தோடு நிறுத்தினார்? நாடு கடத்தப்பட்ட பழங்காலக் கவிஞர் ச்யூ யுவான் பெயரில் ஓர் ஆரஞ்சு மரப் பாட்டு வழங்குகிறது. பிறந்த தெற்கு மண்ணை விட்டு நகராத மரம் என்று அதைப் புகழ்கிறது. யாரைச் சொல்கிறார் என்று எந்தச் சீன வாசகருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பொருளைப் பாடி மனசைச் சொல்லும் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க, பல பொருள்களை அடுக்குவதைவிட ஒரே ஒரு பூச்சியைப் பின்தொடர்ந்து போவது நல்லது. சில்வண்டு. சீனர்கள் அதைப்பற்றி ஒன்றை நம்பினார்கள்: அது வேறெதுவும் தின்னாது, உயர்ந்த கிளையில் உட்கார்ந்து பனியை மட்டும் குடித்து வாழும். உண்மையில் அது உறிஞ்சுவது மரச்சாற்றைத்தான். இருந்தாலும் நம்பிக்கை நம்பிக்கைதானே. மண்ணுக்குள்ளிருந்து வெளியே வந்து, கூட்டைக் கழற்றிவிட்டுப் பறப்பதால் மறுபிறப்புக்கும் அதுவே அடையாளம். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஹான் மரபினர் காலத்தில் இறந்தவர் வாயில் பச்சைக்கல்லில் செதுக்கிய சில்வண்டை வைத்துப் புதைத்தார்கள். பேரரசரின் நெருங்கிய அதிகாரிகளுடைய தொப்பியில் பொன் சில்வண்டு மின்னியது. ஆக, கவிஞர் கையில் கிடைப்பதற்கு முன்பே அது தூய்மையும் பதவியும் சேர்ந்த பூச்சி.

முதலில் யூ ஷிநான். தாங் மரபின் பெரிய பேரரசர் தைசோங்கின் அவையில் மதிப்போடு இருந்தவர், 638இல் காலமானார். அவருடைய கவிதை நாலே வரி. தொங்கும் தொப்பிக் கயிறுபோல் உறுப்பை நீட்டித் தெளிந்த பனியைக் குடிக்கிறது. இலை குறைந்த மரத்திலிருந்து அதன் குரல் பாய்கிறது. உயரத்தில் இருப்பதால் குரல் தானாகவே தூரம் போகிறது, இலையுதிர்காலக் காற்றின் உதவியால் இல்லை. அந்தத் தொப்பிக் கயிறு அதிகாரிகள் அணிவது. பூச்சிக்கு உத்தியோக உடுப்பை மாட்டிவிட்டார். எனக்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை என்று நேராகச் சொன்னால் தற்பெருமை. சில்வண்டு சொன்னால் கவிதை.

அடுத்தவர் லுவோ பின்வாங். இவரிடம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 678இல் இவர் அரசவையில் கண்காணிப்பு அதிகாரி. மேலிடத்துக்கு மனு மேல் மனு எழுதியதில் பேரரசி வூவின் கோபத்துக்கு ஆளானார் என்று சொல்வார்கள். சுமத்தியது லஞ்சக் குற்றம். சிறையில் இருந்தபடி எழுதிய சில்வண்டுக் கவிதைக்கு அவரே ஒரு முன்னுரை வைத்திருக்கிறார். தன்னை அடைத்து வைத்திருக்கும் இடத்தின் மேற்குச் சுவருக்கு அப்பால் வழக்கு விசாரிக்கும் மன்றம், அங்கே சில பழைய மரங்கள், சாயங்காலம் நிழல் சாயும்போது அவற்றிலிருந்து சில்வண்டுச் சத்தம் என்று இடத்தைக் கண்முன் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார். இதற்கு முன் கேட்டதைவிட இந்தச் சத்தம் சோகமாக இருக்கிறதே, என் மனசு மாறிவிட்டதா, இல்லை பூச்சியின் குரலே மாறிவிட்டதா?

அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்லவில்லை. இப்படிப் பாடுகிறார்:

பனி கனக்கிறது, பறந்து முன்னேற முடியவில்லை.
காற்று மிகுதி, குரல் சட்டென அமுங்கிப்போகிறது.
உயர்ந்தது, தூயது என்று நம்ப ஆள் இல்லை.
என் நெஞ்சை யார் எடுத்துச் சொல்வார்?

யூ ஷிநானின் கவிதையை இதன் பக்கத்தில் வையுங்கள். அங்கே இருந்த அதே பனி, அதே காற்று. அங்கே பனி உணவு, இங்கே இறக்கையை அழுத்தும் பாரம். அங்கே காற்று தேவைப்படாத உதவி, இங்கே குரலை விழுங்கும் எதிரி. லுவோ பின்வாங் புதிதாக ஒரு பொருளையும் கொண்டுவரவில்லை. நனைந்த இறக்கையோடு பூச்சியால் பறக்க முடியாது என்பது யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார், மொத்தக் கவிதையும் திரும்பிவிட்டது. எனக்குக் கடைசி இரண்டு வரியைவிட முதல் இரண்டு வரிதான் பிடிக்கும். நெஞ்சு, தூய்மை என்று சொல்லத் தொடங்கியதும் வழக்கறிஞர் பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. பனி கனக்கிறது என்றபோதே நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டதே.

பின்னாளில் விடுதலையாகி, 684இல் பேரரசி வூவை எதிர்த்துக் கிளம்பிய படைக்குப் போர் அறிக்கை எழுதிக் கொடுத்தார் இவர். கலகம் தோற்றது. அப்புறம் அவர் என்ன ஆனார் என்பதில் ஆளுக்கொரு கதை.

மூன்றாவது லி ஷாங்யின், ஒன்பதாம் நூற்றாண்டு. கட்சிச் சண்டையில் இரண்டு பக்கமும் அடிபட்டு, வட்டார ஆளுநர்களிடம் எழுத்தர் வேலை பார்த்தே காலம் போனவர். அவருடைய சில்வண்டு பசியோடு இருக்கிறது. உயரத்தில் இருப்பதால்தான் வயிறு நிறையவில்லை, கத்தியதெல்லாம் வீண். விடியும் நேரத்தில் குரல் அறுந்துவிடும்போல் தேய்கிறது. ஆனால் அது உட்கார்ந்திருக்கும் மரம்? முழுப் பச்சை, துளி இரக்கம் இல்லை. யூ ஷிநானுக்குப் பெருமையாக இருந்த உயரம் இவருக்குப் பட்டினி. அதைவிட, அந்த மரத்தின் பச்சையைக் குற்றமாகப் பார்க்க எவ்வளவு கசந்திருக்க வேண்டும்! மரம் செழிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான் அது செய்த தப்பு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு விமர்சகர் ஷி பூஹுவா இந்த மூன்றையும் ஒரே மூச்சில் தரம் பிரித்தார்: முதலாவது உயர்குடியாளர் பேச்சு, இரண்டாவது துன்பத்தில் மாட்டியவர் பேச்சு, மூன்றாவது புலம்புகிறவர் பேச்சு. சரியான கணிப்புதான். பேச்சு மாறியபோது பூச்சியின் எந்த அம்சம் முன்னே வந்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு முழுமையாகும்.

கேட்டுக்கொண்டிருக்கும் சிலருக்கு ஒன்றைச் சொல்லி அதற்குள் வேறொன்றை உணர்த்தும் நம் சங்கப் பாட்டின் உள்ளுறை நினைவுக்கு வந்திருக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லிவிடுகிறேன். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்கிறது தொல்காப்பியம். சீன வாசகரோ கவிதையைத் திறந்ததும் கேட்பது, இதை எழுதியபோது இவர் எந்தப் பதவியில் இருந்தார், எந்த ஊருக்குத் துரத்தப்பட்டிருந்தார் என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சூ ஷி ஒரு கடிதம் எழுதினார். இப்போது அவரிடம் திரும்பிப் போகலாம்.

சிறையிலிருந்து விட்டதும் அவரை ஹுவாங்ஜோ என்ற ஊருக்கு அனுப்பினார்கள். பெயருக்கு ஒரு பதவி, அதிகாரம் கிடையாது. அங்கே இருந்தபோது ஜாங் ஜிஃபு என்ற நண்பர் எழுதிய பாட்டு ஒன்று வந்தது. அது ‘ட்சி’ என்ற வகை. ஏற்கெனவே இருக்கும் மெட்டுக்கு வார்த்தை எழுதும் இசைப்பாட்டு. நம் சினிமாக் கவிஞர்கள் மெட்டுக்கு எழுதுவதுபோல, வரியின் நீளம், ஏற்ற இறக்கம் எல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்கும். ஜாங் ஜிஃபு பாடிய பொருள், வசந்தத்தில் வில்லோ மரத்திலிருந்து பறக்கும் பஞ்சு. பிரிந்து போகிறவருக்கு வில்லோக் கிளை ஒடித்துக் கொடுப்பது பழைய வழக்கம், அதனால் வில்லோ என்றாலே பிரிவு.

நண்பர் பாட்டு பிரமாதம், இதற்கு மேல் யார் என்ன எழுதுவது என்று சூ ஷி பதில் எழுதினார். ஆனாலும் வரி முடிவில் வரும் அதே இயைபுச் சொற்களை அதே வரிசையில் வைத்து ஒரு பாட்டு எழுதி அனுப்பினார். கூடவே ஒரு வேண்டுகோள்: இதை யாருக்கும் காட்டாதீர்கள். கவிதைக்காகச் சிறைக்குப் போய் வந்தவர். பறக்கும் பஞ்சைப் பற்றிப் பாடக்கூட அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருந்தது.

பாட்டு இப்படித் தொடங்குகிறது: பூ மாதிரி இருக்கிறது, பூ இல்லாத மாதிரியும் இருக்கிறது, விழுந்தாலும் அதற்காக வருந்த ஆள் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பி வழியோரம் ஒதுங்கிக் கிடக்கிறது. அப்புறம் பஞ்சு மெல்ல ஒரு பெண்ணாகிறது. கனவில் காற்றோடு நெடுந்தூரம் போய்ப் பிரிந்தவனைத் தேடுகிறாள், மாங்குயில் கூவி எழுப்பிவிடுகிறது. இரண்டாம் பகுதியில் காலை மழை. பஞ்சு எங்கே? குளத்தில் பாசி உடைந்து மிதக்கிறது. வில்லோப் பஞ்சு தண்ணீரில் விழுந்தால் பாசியாகும் என்பது அந்தக் கால நம்பிக்கை, தானே சோதித்துப் பார்த்ததாக சூ ஷி குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறார்! பிறகு வருகிறது இந்தக் கணக்கு: வசந்தத்தின் நிறத்தை மூன்று பங்காக்கினால் இரண்டு பங்கு புழுதி, ஒரு பங்கு ஓடும் தண்ணீர். உற்றுப் பார்த்தால் வில்லோப் பஞ்சே இல்லை, பிரிந்தவரின் கண்ணீர்த் துளிகள்.

துரத்தப்பட்ட அதிகாரி தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அமைச்சர் யாராவது இதைத் தூக்கிக்கொண்டு பேரரசரிடம் போனாலும் கையில் பஞ்சுதான் மிஞ்சும்.

1908இல் விமர்சகர் வாங் குவோவெய், பதில் பாட்டு மூலம்போல் இருக்கிறது, மூலம் பதில் பாட்டுபோல் இருக்கிறது என்று எழுதினார். அதிலிருந்து ஜாங் ஜிஃபுவை யாரும் கண்டுகொள்வதில்லை. அது நியாயம் இல்லை என்பேன். முத்துத் திரைக்குப் பக்கத்தில் மிதந்து, இறங்கப் போகிற நேரத்தில் மறுபடி காற்று தூக்கிவிடும் பஞ்சு, கட்டிலில் உருண்டையாகத் திரண்டதுமே உடைந்துபோகும் பஞ்சு என்று அவர் காட்டியிருப்பதை, நேரில் உட்கார்ந்து பார்த்தவர்தான் எழுத முடியும். அவர் அவ்வளவு பஞ்சையும் பார்த்து முடித்துவிட்டதால்தான் சூ ஷி கண்ணீருக்குப் போக முடிந்தது.

லு யோ என்பவரின் பிளம் பூப் பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். உடைந்த பாலத்தருகே தனியாகப் பூக்கிறது, உதிர்ந்து சேறாகிப் புழுதியாக அரைபட்டாலும் மணம் மட்டும் மாறவில்லை. சீனாவில் நிறையப் பேருக்கு மனப்பாடம். மா சேதுங் 1961இல் அதே மெட்டில், பொருளைத் திருப்பிப்போட்டு ஒன்று எழுதினார். லு யோவின் பாட்டு அழகுதான், ஆனால் அந்தப் பூ வாய் திறப்பதற்குள்ளேயே அது என்ன சொல்லும் என்று தெரிந்துவிடுகிறது. எனக்கு அதனோடு ஒட்டவில்லை.

மறுபடியும் சில்வண்டு, கடைசி முறையாக. 1279இல் தெற்குச் சோங் அரசு மங்கோலியரிடம் முற்றாக வீழ்ந்தது. அந்தக் கொந்தளிப்பில், ஷாவோசிங் அருகே இருந்த சோங் பேரரசர்களின் கல்லறைகளைப் புதிய அரசின் பௌத்தத் துறவி அதிகாரி ஒருவர் தோண்டிச் சூறையாடினார். பழைய அரசின்மேல் பற்றுள்ளவர்கள் சிதறிய எலும்புகளை ரகசியமாகப் பொறுக்கி அடக்கம் செய்தார்கள். இந்தக் காலத்தில் 14 கவிஞர்கள் கூடி ஐந்து பொருள்களைப் பற்றி 37 இசைப்பாட்டுகள் எழுதினார்கள்: அம்பர் வாசனைத் திரவியம், வெள்ளைத் தாமரை, ஒரு நீர்க்கீரை, நண்டு, சில்வண்டு. கல்லறை என்ற பேச்சே எங்கும் இல்லை. ஆனால் பின்னால் வந்த படிப்பாளிகள் பலர் இவற்றைக் கல்லறைக் கொள்ளையோடு சேர்த்தே படித்தார்கள்.

அவர்களில் ஒருவர் வாங் யிசுன். அவருடைய சில்வண்டு, மனக்குறையோடு இறந்துபோன ஓர் அரசியின் ஆவி. அது ஒரு பழங்கதை. பாட்டின் நடுவில் ஒரு வெண்கலச் சிலை வருகிறது. ஹான் பேரரசர் வூ, சாகாமல் இருப்பதற்காகப் பனிநீர் பிடித்துக் குடிக்கவென்று கையில் தட்டேந்திய சிலை வைத்திருந்தார். அடுத்து வந்த வெய் அரசு அதைப் பெயர்த்தபோது சிலை அழுதது என்பார்கள். வாங் யிசுன் சொல்கிறார்: தட்டோடு சிலை தூரம் போய்விட்டது, விழும் பனியை இனிப் பிடித்து வைக்க இடமில்லை. பனியைத் தவிர வேறு உணவில்லாத பூச்சிக்கு நாடு போனது இப்படித்தான் தெரிகிறது. நோயுற்ற இறக்கை இலையுதிர்காலத்தில் திடுக்கிடுகிறது, வற்றிய உடல் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, இன்னும் எத்தனை அந்திப்பொழுதைத் தாங்கும் என்று கேட்கிறார்.

சிங் கால விமர்சகர் ஜோ ஜி, வாங் யிசுனைச் சோங் இசைப்பாட்டின் நான்கு பெரும் கவிஞர்களில் ஒருவராக வைத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஹூ ஷி என்ற அறிஞர், இந்தப் பொருள்பாட்டெல்லாம் புரியாத விடுகதைகள், இலக்கிய மதிப்பே இல்லை என்று தள்ளினார். அம்பர் பாட்டுகளைப் பொறுத்தவரை நான் ஹூ ஷி கட்சி. அடிக்குறிப்பை மூடினால் பாட்டும் மூடிக்கொள்கிறது. சில்வண்டுப் பாட்டிலும் பாதி அப்படித்தான். ஆனால் அந்த வற்றிய உடல் வரிக்கு அரசியும் வேண்டாம், கல்லறையும் வேண்டாம். இதே வாங் யிசுன் மங்கோலியர் அரசின் கீழ் ஒரு கல்விப் பணியில் இருந்ததாகப் பதிவு இருக்கிறது. அதை வைத்து அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. நானோ அந்த வரியை அந்தப் பதவியோடு சேர்த்தே படிக்கிறேன்: எல்லாம் போன பிறகும் சம்பளம் வாங்கிக்கொண்டு, பார்த்துக்கொண்டு இருந்தவர் எழுதியது.

கேட்டமைக்கு நன்றி. வணக்கம்.