15-7 என்று ஜெயித்தவருக்குக் கருப்பு அட்டை! ஓல்கா கார்லானுக்கு என்னதான் நடந்தது?

உலக சாம்பியன்ஷிப் போட்டி. ஒரு வீராங்கனை 15-7 என்று எதிராளியை ஊதித் தள்ளுகிறார். அன்றைக்கே அவருக்குக் கருப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிவிடுகிறார்கள். ஊக்கமருந்து எடுத்தாரா? இல்லை. வாளில் தில்லுமுல்லு? அதுவும் இல்லை. கை குலுக்கவில்லை. அவ்வளவுதான்!

(திரையில்: மிலான், ஜூலை 2023)

அவர் பெயர் ஓல்கா கார்லான். உக்ரைன்காரர். வாள்வீச்சில் அவருடைய ஆயுதம் சேபர். பழைய கதையைக் கடகடவென்று சொல்லிவிடுகிறேன். 1990-ல் மிகொலாயிவ் என்ற கப்பல் கட்டும் ஊரில் பிறந்தார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸில், 17 வயதில், அணிப் போட்டியில் தங்கம். இறுதிப் போட்டியில் சீனாவை வென்றது 45-44 என்ற ஒரே ஒரு புள்ளியில். 2012 லண்டனில் தனிநபர் வெண்கலம், 2016 ரியோவில் இன்னொரு வெண்கலம், கூடவே அணிக்கு வெள்ளி. தனிநபர் உலகப் பட்டம் மட்டும் நான்கு முறை. இவர் உருவத்தில் பார்பி பொம்மைகூடச் செய்தார்கள்!

அப்புறம் டோக்கியோ. முதல் ஆட்டத்திலேயே சீன வீராங்கனையிடம் தோற்று மூட்டை கட்டினார். அன்றைய தேதி 2021 ஜூலை 26. நம்ம சென்னைப் பெண் பவானி தேவி, ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் வாள்வீச்சு வீராங்கனையாக இறங்கி முதல் ஆட்டத்தை 15-3 என்று ஜெயித்ததும் அதே நாள், அதே போட்டியில்தான். நான்கு முறை உலக சாம்பியன் வெளியே, நம்ம ஆள் அடுத்த சுற்றில். அந்தச் சுற்றில் பவானி தேவி பிரான்ஸின் மனோன் புருனேயிடம் தோற்றார். புருனே பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

சரி, மிலானுக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா படையெடுத்தது. கார்லானின் சொந்த ஊர் மேலேயே குண்டு விழுந்தது. ரஷ்யர்களோடு மோதவே கூடாது என்று தன் வீரர்களுக்கு உக்ரைன் போட்டிருந்த தடையை, மிலான் போட்டி நேரத்தில்தான் கொஞ்சம் தளர்த்தியது. நாட்டின் கொடியில்லாமல் நடுநிலையாக வரும் ரஷ்யர்களோடு மோதலாம் என்றார்கள். கார்லானின் முதல் ஆட்டமே அப்படி வந்த ஆன்னா ஸ்மிர்னோவாவோடு.

ஆட்டம் முடிந்ததும் ஸ்மிர்னோவா கை நீட்டுகிறார். கார்லான் கையைக் கொடுக்காமல் வாளை நீட்டுகிறார். வாளோடு வாளைத் தட்டிவிட்டுப் போகலாம் என்ற அர்த்தத்தில். கொரோனா காலத்தில் அதுதான் வழக்கமாக இருந்தது. இப்போதும் அப்படிச் செய்யலாம் என்று சர்வதேச வாள்வீச்சு சம்மேளனத் தலைவரே தன்னிடம் சொன்னதாகக் கார்லான் பிறகு சொன்னார். ஸ்மிர்னோவா விடவில்லை. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஏறக்குறைய முக்கால் மணி நேரம் களத்தை விட்டு நகராமல் எதிர்ப்புக் காட்டினார். விதிப் புத்தகமோ கை குலுக்கியே ஆக வேண்டும் என்றது. முடிவு, கருப்பு அட்டை.

இதில் உண்மையான அடி என்ன தெரியுமா? பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி பெறப் புள்ளி சேர்க்க வேண்டிய முக்கியமான போட்டி அது.

மறுநாள் ஒரு திருப்பம். அப்போதைய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக்கிடமிருந்து கார்லானுக்குக் கடிதம். தகுதிப் புள்ளி போதாமல் போனாலும் பாரிஸில் உங்களுக்கு ஓர் இடம் உண்டு என்று உறுதி கொடுத்தார். இந்த பாக் யார்? 1976 மாண்ட்ரியலில் ஃபாயில் என்ற இன்னொரு வகை வாளின் அணிப் போட்டியில் தங்கம் வாங்கிய வாள்வீச்சு வீரர்! அந்த விதியும் பின்னாளில் மாறிவிட்டது. இப்போது தூரத்தில் நின்றே வணக்கம் வைக்கலாம். என்னைக் கேட்டால், சொந்த ஊர் பற்றி எரியும்போது கை கொடு என்று கட்டாயப்படுத்துவது விளையாட்டு மரியாதை ஆகாது. விதி என்றால் எல்லோருக்கும் விதிதானே என்பவர்கள் கமெண்டில் சண்டைக்கு வரலாம், வாள் இல்லாமல்.

இப்போது எனக்குப் பிடித்த பகுதி. பாரிஸ், கிராண்ட் பலே. கண்ணாடிக் கூரை போட்ட பழைய மாளிகை. அரையிறுதியில் கார்லான் பிரான்ஸின் சாரா பால்செரிடம் 7-15 என்று நொறுங்கிப்போனார். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே தென்கொரியாவின் சோய் சே-பின். ஸ்கோர் 5-11. சோய்க்கு இன்னும் 4 புள்ளி போதும், கார்லானுக்கு 10 வேண்டும்.

கதை முடிந்தது என்று தோன்றுகிறதா? சேபரில் அப்படிச் சொல்லவே முடியாது. ஏன் என்று பார்ப்போம். மற்ற இரண்டு வாள்களான ஃபாயிலிலும் எப்பீயிலும் முன்னிலையில் இருப்பவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து நேரத்தைக் கடத்தலாம். சேபரில் ஒரு புள்ளி சில நொடிகளில் முடிந்துவிடும், கடத்துவதற்கு நேரமே கிடையாது. ஓடி ஒளியவும் இடமில்லை. களத்தின் மொத்த நீளம் 14 மீட்டர். நிற்கும் கோட்டுக்குப் பின்னால் உங்களுக்கு 5 மீட்டர்தான். இரண்டு காலும் பின் எல்லைக்கு வெளியே போனால் எதிராளிக்குப் புள்ளி.

அடுத்து, மணிக்கட்டுக்குக் கீழே உள்ள கையைத் தவிர இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் புள்ளியைக் காட்டும் விளக்கு எரியும், தலையும் சேர்த்து. பெரும்பாலும் இருவர் விளக்கும் ஒன்றாக எரியும். அப்போது புள்ளி யாருக்கு? இங்கேதான் பட்டிமன்ற விதி. ஒருவர் வாதத்தைத் தொடங்கிவிட்டால், அதை வெட்டிவிட்டுத்தான் அடுத்தவர் தன் வாதத்தை வைக்க வேண்டும். அதேபோலத் தாக்குதலை முதலில் தொடங்கியவருக்கே முன்னுரிமை. அதை வாளால் தடுத்தாலோ, அவர் வீச்சு காற்றில் போனாலோ உரிமை எதிராளிக்கு மாறும். யார் தொடங்கியது என்று தீர்ப்புச் சொல்வது நடுவர். கண் இமைப்பதற்குள் நடப்பதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பாவம் அவர்!

அதனால் 11 புள்ளி வைத்திருப்பவர் பாதுகாப்பாக ஆட நினைத்து ஒரு கணம் தயங்கினால், தாக்கும் உரிமை அந்தப் பக்கம் போய்விடும். அந்தத் தயக்கத்தைத்தான் கார்லான் தின்றார். சோய் 3 புள்ளி எடுப்பதற்குள் இவர் 10 எடுத்துவிட்டார். 15-14! முழங்காலிட்டுக் கதறி அழுதார். பாரிஸில் உக்ரைனுக்கு அதுதான் முதல் பதக்கம். அன்று தங்கம் வென்றது யார்? மனோன் புருனே. ஞாபகம் இருக்கிறதா? பவானி தேவியை வென்றவர், திருமணத்துக்குப் பின் அபிதி-புருனே.

ஒரு வீட்டுச் செய்தியும் உண்டு. கார்லானின் துணைவர் இத்தாலியின் லுயிஜி சமேலே. அவரும் சேபர்தான். இரண்டு நாள் முன்னால் அதே களத்தில் அவருக்கும் வெண்கலம். ஷோகேஸில் சண்டையில்லை என்று நினைத்தால், ஆகஸ்ட் 3 வந்தது.

அணி இறுதிப் போட்டி. மறுபடியும் தென்கொரியா. கடைசிச் சுற்றுக்குக் கார்லான் இறங்கும்போது உக்ரைன் 37-40 என்று பின்தங்கியிருந்தது. எதிரே ஜியோன் ஹா-யங். கார்லான் 8 புள்ளி, ஜியோன் 2. ஆட்டம் 45-42. பாரிஸில் உக்ரைனின் முதல் தங்கம். கார்லானுக்கோ, 17 வயதில் வாங்கியதற்குப் பிறகு 16 வருஷம் கழித்து இரண்டாவது.

அந்தக் கடைசிச் சுற்றின் வீடியோ கிடைத்தால் சத்தத்தை நிறுத்திவிட்டு, இருவர் கால்களை மட்டும் பாருங்கள். தாக்குதலை யார் தொடங்குகிறார் என்று நடுவருக்கு முன்னால் உங்களால் சொல்ல முடிகிறதா? மொத்தம் பத்துப் புள்ளியில் எத்தனை சரியாகச் சொன்னீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். வாள்வீச்சுப் பயிற்சி எடுப்பவர்கள் இதில் கலந்துகொள்ளக் கூடாது!